பிராசசர் மாற்றியும் ஓடாத லேப்டாப்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்து லேப்டாப் சர்வீஸ் கடைகளில் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு புகார் மட்டும் மாறவே இல்லை. "பிராசசரை மாத்தியாச்சு அண்ணாச்சி, ஆனா முன்னைக்கு இப்ப இன்னும் மெதுவால்லா ஓடுது." 2013-ல் இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஒன்றரை அங்குலச் சதுரமான ஒரு சிப்பைக் கழற்றி வேறு சிப் போட்டிருப்பார். இன்றைக்கு வருகிறவர் போர்டையே மாற்றியிருப்பார். இல்லையென்றால் 'ஐ7' ஸ்டிக்கரை நம்பி ஒரு பழைய கம்பெனி லேப்டாப்பை வாங்கியிருப்பார். செலவு செய்த பிறகு வரும் அந்த ஏமாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது. லேப்டாப்பின் உள்ளே இருப்பதும், அதைத் திறந்து பார்க்கிறவருக்கு இருக்கும் இடமும் அடியோடு மாறிவிட்டன.

அன்றைய நிலவரத்தை முதலில் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்கள், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் என்று அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கைமாறின. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த ஊர். கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளில், வயல் வேலைக்குப் போகிற வீடுகளில், முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். எச்.சி.எல்., ஏசர், லெனோவா என்று கம்பெனிகள் மாறினாலும் ஆரம்ப வருடங்களில் வந்தவற்றின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்: 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு கோர் உள்ள எளிய பிராசசர்.

பாடம் படிக்கவும் டைப் அடிக்கவும் அது போதும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குப் போனார்கள், ஆட்டோகேட் தேவைப்பட்டது. சிலர் ஸ்டுடியோக்களில் கல்யாண ஆல்பம் செய்யப் போனார்கள், போட்டோஷாப்பும் வீடியோ எடிட்டிங்கும் தேவைப்பட்டன. புதிதாக ஒன்று வாங்க வழி கிடையாது. அப்போதுதான் 'பிராசசர் மட்டும் மாத்திக்கலாம்' என்ற பேச்சு பரவியது. திங்கட்கிழமை தினமலரோடு வந்த கம்ப்யூட்டர் மலரைக் கத்தரித்து வைத்துப் படித்த தலைமுறை அது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆர்வம் இருந்தது. பார்க்கவும் முடிந்தது.

ஏன் முடிந்தது என்றால், அந்தக் காலத்து லேப்டாப்களில் பலவற்றில் பிராசசர் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை மொபைல் சிப்பில் 988 பின்கள். சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு ஸ்குரூ. தட்டை முனை ஸ்குரூடிரைவரால் அதை அரைச் சுற்று திருப்பினால் பிடி தளரும், சிப்பைத் தூக்கிவிடலாம். மேலே படுத்திருக்கும் செம்புக் குழாயைக் கழற்ற நான்கு ஸ்குரூ. அவற்றின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும், மாட்டும்போது அந்த வரிசையில்தான் முறுக்க வேண்டும். வரிசை தப்பினால் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அரசு கொடுத்த லேப்டாப்கள் எல்லாமே இப்படி இல்லை, சில மாடல்களில் சிப்பைப் போர்டோடு பற்றவைத்தே கொடுத்தார்கள். கழற்ற முடிந்தவற்றுக்கு மாற்றுச் சிப் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும். பொதிகை எக்ஸ்பிரஸில் தெரிந்தவர் ஊருக்கு வந்தால் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்.

இனி, அந்தக் காலத்துப் புகார் எப்படித் தீர்ந்தது என்று பார்க்கலாம். யானைப்பாலம் பக்கத்தில் ஒரு கடையில் நான் உட்கார்ந்து கவனித்த வேலை இது. கல்லூரி மாணவர் ஒருவர் பென்டியம் பி960 இருந்த லேப்டாப்பில் கோர் ஐ7-2670கியூஎம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பழையதில் இரண்டு கோர், புதியதில் நான்கு. பழையது 2.2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது, புதியது தேவைப்பட்டால் 3.1 வரை ஏறும். கணக்குப்படி பறக்க வேண்டும். ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறந்தால்கூட நிதானமாகத் திறந்தது.

கடைக்காரர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. "சார்ஜர கொண்டு வந்தியாடே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வீட்ல இருக்குண்ணே. டூப்ளிகேட்தான், ஒரிஜினல் போயிருச்சு."

"போய் எடுத்துட்டு வா. அத பாக்காம இத தொறந்து பிரயோசனம் இல்ல."

அந்த ஒரு கேள்விக்குள் அப்போதைய தென்காசியே இருந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு. கரண்ட் போவதும் வருவதும், வரும்போது வோல்டேஜ் எகிறுவதும், அடாப்டர்களைத்தான் முதலில் காவு வாங்கின. போனதற்குப் பதிலாகக் கிடைத்த மலிவு அடாப்டரை எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். ஒரிஜினலின் அடியில் 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் பெருக்கிப் பார்த்தால் 90 வாட். மாற்றாக வந்ததில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றிருந்தால் 65 வாட்தான். பழைய பிராசசருக்கு அது போதுமானதாக இருந்தது. பி960 சூடாகக் கக்கும் என்று கணக்கிட்ட அளவு 35 வாட், ஐ7-2670கியூஎம்முக்கு 45 வாட். திரை, ஹார்ட் டிஸ்க், பேட்டரி சார்ஜ் எல்லாவற்றுக்கும் அதே அடாப்டர்தான் படியளக்க வேண்டும். பற்றாக்குறை வந்ததும் போர்டு பிராசசரை இழுத்துப் பிடிக்கும். டெல், எச்பி அடாப்டர்களில் இன்னொரு சங்கதி: பிளக்கின் நடுவில் மெல்லிய ஒரு பின் இருக்கும், 'நான் இத்தனை வாட்' என்று அது லேப்டாப்புக்குத் தெரிவிக்கும். அந்தப் பின் வளைந்தாலோ, டூப்ளிகேட் அடாப்டரில் அந்தத் தகவல் இல்லாவிட்டாலோ, லேப்டாப் அடாப்டரை நம்பாது. பிராசசரை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவிடும்.

அந்த மாணவரின் லேப்டாப்பிலும் அதுவே நடந்திருந்தது. சிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்ததும் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. வேலை கொடுத்தாலும் அசையவில்லை, 800-லேயே நின்றது. இரண்டாம் தலைமுறை மொபைல் சிப்கள் சும்மா இருக்கும்போது இறங்கி நிற்கும் படி அது. வேலை வந்தும் அதைவிட்டு ஏறாவிட்டால் வெளியிலிருந்து யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றே பொருள். கடையில் இருந்த 90 வாட் அடாப்டரைச் சொருகியதும் எண் 2800-க்குத் தாவியது. அந்த மாணவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. ஐந்தாறு நிமிடம் பாரம் ஏற்றியதும் எண் மறுபடி சரிந்தது. இந்த முறை காரணம் சூடு. வெப்பமானி 97, 98 என்று தொட்டது. அந்த ரகச் சிப்களுக்கு 100 டிகிரி எல்லை. எல்லையை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே ஒரு செம்புக் குழாயும் சின்ன விசிறியும் 35 வாட்டுக்கு என்று செய்தவை. கிணற்றில் மூன்று குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு ஐந்து போட்டாலும் குழாயும் ஒயரும் பழையவையாக இருந்தால் வாய்க்காலில் தண்ணீர் கூடாது, ஒயர்தான் காயும். இங்கேயும் அதேதான். விசிறியைக் கழற்றியபோது செம்புத் தகடுகளின் வாயை நெய்த துணிபோல ஒரு தூசிப் படலம் அடைத்திருந்தது. நம் ஊரில் தூசி தூசியாக மட்டும் இருப்பதில்லை. சாரல் காலத்து ஈரத்தில் அது திரண்டு ஒட்டிக்கொள்கிறது.

சாரலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் நகர முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வீசும், அருவியில் தண்ணீர் விழும், மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை எல்லாம் குளிர்ந்துவிடும். அந்த நாட்களில் பிராசசர் மாற்றியவர்கள் 'நல்லா ஓடுது' என்று சந்தோஷமாகப் போவார்கள். ஏப்ரல், மே வந்ததும் அதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காரணம் எளிது. அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். சீசனில் 86-ல் நின்ற சிப் கோடையில் 96-ஐத் தொடும், தொட்டதும் தளரும். அதனால் விஷயம் தெரிந்த கடைக்காரர்கள் சாரல் காலத்தில் மாற்றிய பிராசசருக்கு உத்தரவாதமாகப் பேச மாட்டார்கள். "சித்திரையில வந்து காட்டுங்க" என்பார்கள். அந்த மாணவருக்குக் கடைசியில் கிடைத்த தீர்வும் நிதானமானதுதான்: ஐ7-ஐக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழையதைப் போலவே 35 வாட் உள்ள ஐ5-2520எம் போட்டுக்கொண்டார். தாளில் சிறியது, மேசையில் வேகமானது.

லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் தொல்லைகளும் இருந்தன. ஒரு புதிய சிப்பைப் போர்டுக்கு அடையாளம் காட்டும் குறிப்பு அந்த லேப்டாப்பின் பயாஸில் இருக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைச் சிப்பும் அதே சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் இரண்டாம் தலைமுறைக்கென்று வந்த போர்டு பலவற்றில் திரை எழும்பாது. சில நேரம் எழும்பும், வேகம் மட்டும் ஏறாது. உட்கார்ந்தாலே வேலை செய்யும் என்று நினைத்துப் பணத்தை விட்டவர்கள் நிறைய.

இத்தனையும் சரிசெய்த பிறகும் சிலருக்கு லேப்டாப் மெதுவாகவே இருந்தது. உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்ததை அந்தக் காலம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. அது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. ஊசி சரியான இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் கோப்புகளை விநாடிக்கு நூறு முறைகூட எட்டித் தொட முடியாது. பிராசசர் எவ்வளவு பெரியதானாலும் தட்டு சுற்றி வரும் வரை கைகட்டி நிற்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றவோ நகரவோ எதுவும் இல்லை, ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தகவல் வந்துவிடும். நான் உறுதியாகச் சொல்வேன்: அந்தப் பத்தாண்டில் நம் ஊரில் பிராசசருக்குப் போன பணத்தில் பாதி எஸ்.எஸ்.டி.க்கும் ரேமுக்கும் போயிருந்தால் இரண்டு மடங்கு பேர் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இனி இன்றைக்கு வருவோம்.

ஊர் மாறிவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன்பே, 2011-ல், ஜோஹோ நிறுவனம் தென்காசியில் அலுவலகம் திறந்து, பின்னர் மத்தளம்பாறையில் பொதிகை மலையடிவாரத்தில் வளாகமாக வளர்ந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஶ்ரீதர் வேம்பு அங்கேயே குடிவந்ததும், வயல்களுக்கு நடுவே மென்பொருள் எழுதும் வேலை நடப்பதும் இப்போது எல்லோரும் அறிந்ததே. 2018-ல் செங்கோட்டை–புனலூர் அகலப்பாதை திறந்து கொல்லம் பக்கமும் ரயில் ஓடுகிறது. 2020-ல் கொரோனா வந்தபோது பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் லேப்டாப்போடு ஊருக்கு வந்தார்கள், பலர் இங்கேயே இருந்து வேலை செய்தார்கள். சுரண்டையிலும் கடையநல்லூரிலும் மாடி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுவது இன்று சாதாரணம். அந்த ஒரு லேப்டாப் தளர்ந்தால் ஒரு குடும்பத்தின் சம்பளம் தளரும்.

ஆனால் லேப்டாப்பின் உள்ளே கழற்றுவதற்கு இருந்தவை ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. 2013-ல் வந்த நான்காம் தலைமுறையோடு இன்டெல்லின் சாதாரண லேப்டாப் பிராசசர்களுக்குச் சாக்கெட் முடிந்துபோனது. அடுத்த தலைமுறையிலிருந்து எல்லாமே போர்டோடு பற்றவைத்தவைதான். மெல்லியதாக வேண்டும், எடை குறைய வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும் என்று நாம்தான் கேட்டோம். சாக்கெட்டின் உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அதையும் விட்டுவைக்கவில்லை. ரேமும் அதே வழியில் போகிறது, பல மாடல்களில் வாங்கும்போது என்ன இருக்கிறதோ அதுவே கடைசி வரை.

ஆகையால் இன்றைக்கு 'பிராசசர் மாத்தினேன்' என்று ஒருவர் சொன்னால் ஒன்று, அதே மாடலின் ஐ3 போர்டை எடுத்துவிட்டு ஐ7 போர்டு போட்டிருக்கிறார். அல்லது ஐ.டி. கம்பெனிகள் மொத்தமாகக் கழித்த லேப்டாப் ஒன்றை வாங்கியிருக்கிறார். இரண்டு வழியிலும் நல்ல சரக்கு வருகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மெதுவாகிறது என்ற புகாரும் கூடவே வருகிறது.

போர்டு மாற்றியவற்றில் நான் அடிக்கடி பார்க்கும் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர்த் துண்டு. தெர்மல் பேட் என்பார்கள். பிராசசரைச் சுற்றியுள்ள சில பாகங்களின் சூட்டையும் செம்புத் தகடு வாங்கிக்கொள்வதற்காக இடையில் வைக்கும் மெத்தை. பழையது கிழிந்திருக்கும், கையில் இருந்ததை வெட்டி வைத்திருப்பார்கள். அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வைத்தால் தகடு பிராசசரின் மேல் படியாமல் நூலிழை தூக்கிக்கொள்ளும். வெளியில் பார்த்தால் எல்லாம் சரி, ஸ்குரூவும் இறுகியிருக்கும். ஆன் செய்த ஒரு நிமிடத்தில் 95 டிகிரி. பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையே பூசும் பேஸ்ட்டை மூன்று முறை மாற்றியும் தீராத தகராறு, அந்தத் துண்டை மாற்றியதும் 70-க்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். தனி கிராபிக்ஸ் உள்ள போர்டுக்கும் இல்லாத போர்டுக்கும் செம்புத் தகடே வேறு வேறு. போர்டை மட்டும் வாங்கி, பழைய தகட்டை மாட்டினால் விளைவு இதேதான்.

செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்களை மிரட்டுவது ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் எண். பழைய ஐ5-3320எம்மில் 2.6 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. புதிதாக வாங்கியது ஐ5-8250யூ, அதில் 1.6 என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்கு ஓடிவருகிறார்கள். உண்மையில் பழையதில் இரண்டு கோர், 35 வாட். புதியதில் நான்கு கோர், 15 வாட், தேவைப்பட்டால் 3.4 வரை போகும். 1.6 என்பது அது தாங்கிக்கொள்வதாகச் சொல்லும் அடிப்படை வேகம். இங்கேதான் இன்றைய லேப்டாப்பின் குணமும் இருக்கிறது. வேலை தொடங்கியதும் 15 வாட்டைத் தாண்டி எகிறிப் பாயும், வழக்கமாக ஒரு 28 விநாடி. பிறகு தன் எல்லைக்குள் வந்துவிடும். மெயில் பார்ப்பதற்கும் எக்செல் திறப்பதற்கும் அந்தப் பாய்ச்சல் போதும். கல்யாண வீடியோவை ஒரு மணி நேரம் எக்ஸ்போர்ட் செய்கிறவருக்கு முதல் அரை நிமிடம் தாண்டிய பிறகு கிடைப்பதுதான் உண்மையான வேகம். ஸ்டுடியோ வேலைக்கு 'யூ' என்று முடியும் சிப்பை வாங்கிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று வருந்துகிறவர்களுக்கு, வாங்கும் முன் இதைச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

மற்றவை பழைய கதையின் புதிய உருவங்கள். டைப்-சி சார்ஜர் வந்துவிட்டது. போன் சார்ஜரைச் சொருகினால் பல மாடல்கள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், பிராசசரை மட்டும் அடக்கி வைக்கும். வீங்கிய பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டினால் சில லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துவிடும். திடீரென்று அதிகம் இழுக்கும் நேரத்தில் கைகொடுக்கப் பேட்டரி இல்லை என்று அதற்குத் தெரியும். விண்டோஸில் 'மாக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்ற இடத்தில் 100-ஐ யாரோ 99 ஆக்கியிருப்பார்கள், சூடு குறையட்டும் என்று. அந்த ஒரு சதவீதத்தில், மேலே சொன்ன பாய்ச்சலான டர்போவே நின்றுபோகும். ரேமில் 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் பாதை ஒற்றைப் பாதை. கிராபிக்ஸும் அதே ரேமில் பங்கு கேட்கும் லேப்டாப்பில் இரண்டு 4 ஜிபி குச்சிகள் போட்டால் விளையாட்டிலும் வீடியோவிலும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

மென்பொருள் பக்கமும் ஒரு கதவு மூடியது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சிப்களை ஏற்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்கள் ஒரே தேதியில் பழையவை ஆயின. அதனால்தான் போர்டு மாற்றுகிறார்கள், கழித்த சரக்கை வாங்குகிறார்கள். அந்த இடத்தில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் கடைகளும் உண்டு. படிக்கிற பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம்.

கடைக்காரரின் தொழிலும் மாறியிருக்கிறது. அன்று ஸ்குரூடிரைவரும் பேஸ்ட்டும் ஒரு ஊதுகுழாயும் போதும். இன்று மைக்ரோஸ்கோப், சூடான காற்றில் சிப்பைப் பெயர்க்கும் ஸ்டேஷன், போர்டின் வரைபடம் எல்லாம் வேண்டும். வரைபடத்தைக் கம்பெனிகள் கொடுப்பதில்லை, அங்கங்கே தேடித்தான் எடுக்க வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரிலேயே ஓர் இணையதளமும் தொடங்கியது. தென்காசிக் கடையில் மேசை மேல் கிடக்கும் போர்டுக்கு அதனால் வரைபடம் வந்து சேரவில்லை. முதலில் எதைப் பார்ப்பது என்ற அறிவை மட்டும் அன்றைய கடைக்காரர்களிடமிருந்து இன்றையவர்கள் முழுசாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்: கரண்ட், சூடு, டிஸ்க், ரேம், கடைசியில்தான் பிராசசர்.

இதை எந்தக் கடைக்கும் போகாமல் வீட்டிலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். மெதுவாக இருக்கும் அந்த நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, மெமரி நிரம்பி வழிகிறதா, சிபியு வேகம் அடிப்படை வேகத்துக்கும் கீழே ஆணி அடித்தாற்போல் நிற்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. மெமரி என்றால் ரேம், 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் இடம் காலியா என்றும் தெரிந்துவிடும். சிபியு வேகம் என்றால் முதலில் சார்ஜர், அடுத்து பவர் மோட், அதற்கு அடுத்து விசிறியும் பேஸ்ட்டும். இந்த மூன்றும் சரியாக இருந்து, வேகமும் முழுசாக ஏறி, அப்படியும் வேலை முடியவில்லை என்றால்தான் பிராசசர் போதவில்லை என்று சொல்லலாம். ஐந்து நிமிடத்து வேலை இது.

கடைசியாக அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. 2011-ல் தொடங்கிய முதல் திட்டத்தில் வந்தவற்றில் பல, எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் போட்டு, தென்காசி, கடையம், ஆலங்குளம் வீடுகளில் அடுத்த தம்பி தங்கைக்குப் பயன்பட்டன. அவற்றைத் திறக்க முடிந்தது என்பதே காரணம். பிராசசரைச் சாக்கெட்டில் கேட்பது இனி நடக்காது. ஆனால் ரேமுக்கு ஒரு காலி ஸ்லாட், கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி., கடையில் கிடைக்கிற பேட்டரி, சாதாரண ஸ்குரூவில் திறக்கும் அடிமூடி, இந்த நான்கும் கட்டாயம் என்று டெண்டரில் எழுதலாம். பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் அதை எழுத வேண்டும்.